நோட்டீசில் ஒரு ‘நாம்’

பாடாலூர்
25 மார்ச் 2025

பட்டாணிக்கு,

அம்மா எழுதுவது. உன் ஃபோனில் அப்பா என்றுதான் பெயர் வரும். பயந்துவிடாதே. அவர் நம்பரை நான் வைத்துக்கொண்டேன். தாளில் எழுதி, அதை நானே படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள். ஐந்தாவதோடு நின்றவளின் கை, அதுவும் வெங்காயத்துக்குத் தாளும் வேரும் கிள்ளுகிற கை.

நீ தினமும் கூப்பிடுகிறாய், நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். இளகினால், பரவாயில்லை சாமி, நீ அங்கேயே இரு என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல எனக்கு மனசு இல்லை. அப்பன் செத்ததற்கு வராத பிள்ளையிடம் எழுதித்தான் பேசுவேன்.

அன்றைக்கு நடந்ததை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியும் கேட்டுக்கொள். கொள்ளி வைக்க உன் பெரியப்பா மகன் ராஜேஷ் வேட்டி மாற்றிக்கொண்டு நின்றான். நான் குடத்தை வாங்கி என் தோளில் வைத்தேன். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று நாலு பேர் வழியை மறித்தார்கள். “மவன் வரலன்னா நான் வரேன். இந்தாளுக்கு சோறாக்கிப் போட்டவ நானு, ராஜேஷு இல்ல”ன்னேன். வழியை விட்டார்கள். மூன்று சுற்று சுற்றினேன். சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள். கொள்ளியும் நானே வைத்தேன்.

நேற்று வெங்காயக் கொட்டகை வேலை முடிந்து வரும்போது டீக்கடை குழந்தைவேல் கூப்பிட்டார். “யக்கா, கனடாவுல எலெக்‌ஷன் வச்சுட்டானாமே. அண்ணன் இல்லாம எங்களுக்கு ஒரு மண்ணும் புரியல” என்றார். உன் அப்பா மூட்டை தூக்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தக் கடையில் கனடா நியாயம்தானே பேசிக்கொண்டிருந்தார். நீ ‘எங்க ரைடிங்’ என்று சொன்னதை வைத்து, மகன் வண்டியில் சுற்றிச் சுற்றி ஓட்டு எண்ணுகிறான் என்று பாடாலூர் முழுக்கச் சொன்ன மனுஷன். அங்கே தொகுதிக்குத்தான் ரைடிங் என்று பெயர் என்று தெரிந்த பிறகும் மாற்றிச் சொல்லவில்லை. நீலக் கட்சிதான் வரும் என்று அடித்துச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். அவர் உயிரோடு இருந்த வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது. இப்போது ஆளுகிற சிவப்புக் கட்சி ஏறுகிறது என்கிறார்கள்.

நான் போய் அவர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பொம்பளை உட்காராத பெஞ்சு. இரண்டு பேர் எழுந்து நின்றுகொண்டார்கள். நிற்கட்டும், கால் இருக்கிறது. அவர் ஃபோனில் வருகிற கனடா தமிழ்ச் சேனலை எல்லாம் இந்த ஒரு மாதமாக நான்தான் பார்க்கிறேன். தூக்கம் வராதவளுக்கு அதுதான் துணை. நான் சொன்னேன்: “அமெரிக்காக்காரன் கனடாவ என் நாட்டோட சேத்துக்குறேன்னு சொல்லிட்டான். வரப்ப வெட்ட வந்துட்டான். வரப்புத் தகராறு வந்துட்டா அந்த வூட்டுல எவனும் சோறு இல்லன்னு கேக்க மாட்டான், அவனவன் கம்ப எடுத்துக்குவான். அதான் செவப்பு ஏறுது.” வீட்டு வாடகை ஏறியது, ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தது எல்லாம் அந்த ஊர் ஜனங்களுக்கு ஒரே மாதத்தில் மறந்துவிட்டது. பெட்ரோல், கேஸ் புகைக்கு வரி போட்டே ஆகணும் என்று இத்தனை வருஷம் சொன்ன ஆட்களே, தேர்தல் வந்ததும் ஒண்ணாந்தேதியிலிருந்து அது கிடையாது என்றுவிட்டார்கள். அந்த வரி நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. ஓட்டு வந்ததும் கைவிடுகிற கொள்கை எந்த நாட்டில் இருந்தாலும் கொள்கை இல்லை. அது மட்டும் தெரியும்.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். காலேஜ் முடித்ததும் உனக்குக் கொடுத்த வேலைப் பேப்பர் மே மாதத்தோடு முடிகிறது. முடிந்ததும் வந்துவிடு. ஒளிந்து மட்டும் இருந்துவிடாதே. உடையார்பாளையத்து அக்காவின் மகன் அறிவரசன் மலேசியாவில் பேப்பர் இல்லாமல் ஒளிந்தானே, போலீஸைக் கண்டால் சந்துக்குள் ஓடி ஓடியே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். நான் அப்படிச் சாக மாட்டேன்.

மலர்க்கொடி
(அம்மா)

~

பிராம்டன்
30 மார்ச் 2025

அம்மாவுக்கு,

கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோனில் ‘அப்பா’ என்று வந்தது. ஒரு நொடி எல்லாம் மறந்து, “சொல்லுங்கப்பா” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்தான். அந்தப் பெயரை மாற்றச் சொல்லாதே. மாற்ற மாட்டேன்.

அம்மா, நான் வர மனமில்லாமல் இருந்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறாய். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை போன வருஷமே முடிந்துவிட்டது. வேலைப் பேப்பர் இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கலாம். வெளியே கால் வைத்தால் திரும்பி வரப் புது விசா கேட்கணும், தர மாட்டார்கள். அப்பா இருந்திருந்தால் அவரே வராதேடா என்றுதான் சொல்லியிருப்பார். இதையே எனக்கு நான் தினமும் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்குக் கிடங்கின் கழிப்பறைக்குள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வீடியோவில் பார்த்தேன். நீ நெருப்பைத் தூக்கியபோது படம் உறைந்துவிட்டது. ரொம்ப நேரம் உன் கை அப்படியே மேலே நின்றது. நீ அதை வைத்ததை நான் பார்க்கவே இல்லை.

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. நான் இங்கே ஒரு வேட்பாளருக்காக வேலை செய்கிறேன். ஓட்டு இல்லாதவர்களும் கூடமாட உதவி செய்யலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. எந்தக் கட்சி என்று எழுதவில்லை. ஃபோனில் எதையும் போடாதே என்று தேர்தல் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் வீடு வீடாகக் கதவு தட்டுகிறேன். இன்னும் பனி விடவில்லை, விரல் மரத்துவிடுகிறது. ஆனால் நாங்க ஜெயிச்சுருவோம் அம்மா. ஜெயித்தால் வேட்பாளர் என் ஃபைலைப் பார்த்துக் குடியுரிமை ஆபீஸுக்கு ஒரு கடிதம் கொடுப்பார் என்று தேர்தல் ஆபீஸ் மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. இங்கே நிறையத் தமிழ் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கான நோட்டீசைத் தமிழில் எழுதியது நான்தான். முதல் தடவையாக என் எழுத்து அச்சில் வந்திருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் குழந்தைவேல் அண்ணன் கடையில் ஒட்டி வைத்திருப்பார்.

உங்க ஊரில் வெயில் ஆரம்பித்திருக்கும். மத்தியானத்தில் கொட்டகைக்கு நடந்து போகாதே. ஒளிவதைப் பற்றி இப்போது எதற்கு. என்னோடு தங்கியிருப்பவர்கள், பேப்பர் முடிந்தாலும் கையில் காசு தருகிற வேலை கிடைக்கும் என்கிறார்கள். அப்படி ஒரு நிலைமை வந்தால் அப்போது பார்ப்போம்.

ஒரு தடவை ஃபோனை எடு.

மணிவண்ணன்

~

பாடாலூர்
9 ஏப்ரல் 2025

பட்டாணி,

உங்க ஊரா? எந்த ஊர் அது, நீ நடை பழகிய இந்த ஊரா? அங்கே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ‘நாங்க ஜெயிப்போம்’, இங்கே என்னை மட்டும் தனியாக நிறுத்தி ‘உங்க ஊர்’. போகட்டும், கை தவறி எழுதியிருப்பாய் என்று அதை விட்டுவிடத்தான் இருந்தேன். உன் நோட்டீசு விடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உன் படம் வந்த மறுநாளே பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் அதைப் பெரிதாக அச்செடுத்து வந்தேன். குழந்தைவேல் பசை காய்ச்சிக் கொடுத்தார். உன் அப்பா முதுகு சாய்க்கும் சுவரிலேயே ஒட்டினோம். எம்மவன் எழுதினது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். யாரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அச்சில் வந்திருக்கிறது, அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். மறுநாள் டீ ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது எழுத்துக் கூட்டிப் படித்தேன். “நம்மால் தாங்கக்கூடிய அளவுக்கே நாம் ஆட்களை அழைப்போம். தற்காலிகமாக வந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைப்போம். நம் வீடுகள் முதலில் நமக்கே.”

தற்காலிகமாக வந்தவன் யாரடா? நீதானே. உன்னைக் குறைக்கிறேன் என்று நீயே எழுதி, அதை நீயே பனியில் நடந்து வீடு வீடாகக் கொடுக்கிறாய். அதில் ‘நாம்’ என்று வேறு போட்டிருக்கிறாய். ‘நாங்க’ என்று போட்டிருந்தால்கூட, யாரோ சொல்கிறான், நம் பிள்ளை எழுதிக் கொடுத்தான் என்று இருந்திருப்பேன். ‘நாம்’ என்றால் சொல்கிறவனும் கேட்கிறவனும் சேர்ந்து. அதில் உன்னை எந்த மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள்?

அங்கேயே கிழித்துவிட்டேன். பாதி வந்தது, பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. குழந்தைவேல், “ஏன்க்கா, நல்லாத்தான இருந்துச்சு” என்றார். “எம்மவன வெளிய போகச் சொல்ற தாளு உங்க கடைக்கு எதுக்கு”ன்னேன்.

நீ கட்சி நிறத்தைச் சொல்லப் பயப்படுகிறாய். சொல்ல வேண்டாம். சேனலில் பார்க்கிறேன், சிவப்பும் நீலமும் மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிறார்கள், உங்களை மாதிரி ஆட்களைக் குறைப்பதில் மட்டும் ஒரே பேச்சு. ஒருத்தர் மெதுவாகக் குறைப்பார், இன்னொருத்தர் வேகமாகக் குறைப்பார். வீடு கட்டாமல் விட்டது அவர்கள். காலேஜுக்குப் பணம் வருகிறது என்று உன்னைக் கூப்பிட்டதும் அவர்கள். இப்போது வாடகை ஏறியதற்கு நீதான் காரணம், ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கும் நீதான் காரணம். கேட்கிறவருக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் திருப்பிப் பேச உனக்கு ஓட்டு இல்லை.

நம் தெருவுக்குள் கால் வைக்காத ஆளெல்லாம் தேர்தலுக்கு முன்னால் வந்து என் கையால் தண்ணி வாங்கிக் குடித்ததை நீயும் பார்த்திருக்கிறாய். பாசத்திலா குடித்தார்கள்? நம் தாத்தன் காலத்தில் நமக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இருந்தது அந்த ஓட்டு ஒன்றுதான். அதற்காகத்தான் குடித்தார்கள். ஓட்டு இருக்கிற நமக்கே அந்த ஒரு டம்ளர் தண்ணியோடு சரி. உன்னிடம் அதுவும் இல்லை. அந்த ஆள் உனக்கு எதற்குக் கடிதம் கொடுப்பான்?

அழுது எழுதுகிறேன் என்று நினைக்காதே. வெங்காயத்தில் பழகிய கண்ணுக்குச் சுலபத்தில் தண்ணீர் வராது. ஆத்திரம்தான் வருகிறது. நீ ஒன்று செய். அந்த வேட்பாளர் முகத்துக்கு நேராக நின்று, நாம ஜெயிச்சா நான் இங்க இருக்கலாமா என்று கேள். கேட்டு, அவர் என்ன சொன்னாரோ அதை மாற்றாமல் எழுது. கேட்கப் பயமாக இருந்தால் எழுதாதே. ‘அப்போது பார்ப்போம்’ என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே. அறிவரசனும் என் அக்காவிடம் அதைத்தான் சொன்னான்.

மலர்க்கொடி

~

பிராம்டன்
19 ஏப்ரல் 2025

அம்மா,

நீ சொன்ன அந்த வரி எனக்குத் தெரியாமல் போகவில்லை. எழுதும்போதே தெரியும்.

இங்கிலீஷில் ‘வீ’ என்று ஒரே சொல்தான். நாம் என்றாலும் அதுதான், நாங்கள் என்றாலும் அதுதான். சொல்கிறவன் நம்மைச் சேர்த்துச் சொல்கிறானா, தள்ளிவைத்துச் சொல்கிறானா என்று அந்தச் சொல்லில் தெரியாது. தமிழில் எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மேனேஜரிடம் போய், இதில் கேட்கிறவர்களும் சேர்த்தியா என்று கேட்டேன். ஆமாம், எல்லோரும் சேர்த்திதான் என்றார். அவர் சொன்ன எல்லோரில் நானும் இருக்கிறேன் என்று நம்பி ‘நாம்’ போட்டேன். அடுத்த வரியை எழுதும்போது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதி முடித்தேன். எழுத்து நன்றாக இருந்தால் என்னை வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு.

அதைக் கொடுத்த ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். நோட்டீசைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, தமிழ் வடிவாயிருக்கு என்றார். இந்தத் தடவை ஆட்களைக் குறைக்கிறவர்களுக்குத்தான் போடப்போவதாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, நாங்கள் வரேக்க எங்களையும் இப்பிடித்தான் சொன்னவை. இப்ப நாங்களும் சொல்லுறம்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த டீ நன்றாக இருந்தது. வெளியே வந்து ஷூவை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவையும் தட்டினேன்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன். நேற்று முன்தினம் தலைவர்களின் டிவி விவாதம். ஆபீஸில் பீட்சா வாங்கி வைத்து எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். முதல் நாள் பிரெஞ்சில் நடந்ததை ஹாக்கி மேட்ச் இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே நடத்திவிட்டார்கள். அதைச் சொன்னால் அப்பா ஒரு வாரம் சிரித்திருப்பார். முடிந்ததும் வேட்பாளர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது, நாம் ஜெயித்தால் நான் இங்கே இருக்கலாமா சார் என்று கேட்டேன். அவர் தோளில் தட்டி, நல்லா உழைக்கிறாய், தேர்தல் முடியட்டும், பார்ப்போம் என்றார். மாற்றாமல் எழுதச் சொன்னாய். இதுதான் அவர் சொன்னது. நான் உனக்கு எழுதிய அதே வார்த்தை.

கையில் இருந்த நோட்டீசுக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று, பேப்பர் முடியப்போகிறவர்கள் அதை நீட்டிக்கச் சொல்லி அட்டை பிடித்து நிற்கிற ரோட்டோரம் போனேன். பஞ்சாபிப் பிள்ளைகள்தான் அதிகம். எனக்கும் ஒரு அட்டையும் பெயின்ட்டும் கொடுத்தார்கள். ‘அழைத்தது நீங்கள். வந்தது நாங்கள்’ என்று தமிழிலேயே எழுதினேன். யாருக்கும் புரியவில்லை. ஒரு காரில் போன தமிழ்க் குடும்பம் மட்டும் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தது. எங்களுக்காகவா எங்களைத் திட்டியா, தெரியவில்லை.

பேப்பர் முடிகிற நாள் வரைக்கும் ஷிஃப்ட் முடிந்து அங்கே நிற்பேன். வேலைக்கு வரி கட்டியிருக்கிறேன், கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அதற்குள் வழி பிறக்காவிட்டால், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக ஏர்போர்ட் வாசல் வழியாக வெளியே வருவேன். கையில் காசு வாங்கி ஒளிகிற வேலைக்குப் போக மாட்டேன் என்று ரூமில் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன்.

நம்ம ஊரில் மழை ஏதாவது உண்டா?

பட்டாணி

~

பாடாலூர்
27 ஏப்ரல் 2025

பட்டாணி,

மழை இல்லை. புழுதிதான். ரோட்டில் போகிற சிமென்ட் லாரியெல்லாம் அரியலூர்ப் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவந்து நம் ஊரில் கொட்டிவிட்டுப் போகின்றன.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைப் புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. கேட்க வேண்டியதைக் கேட்டாய், அவ்வளவுதான். வெங்காயக் கொட்டகையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அந்தப் பெரியவர் டீ கொடுத்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். பிறகு என் பக்கத்தில் வெங்காயம் கிள்ளும் புவனேஸ்வரி, “டீயும் குடுத்து கழுத்தையும் புடிச்சுத் தள்ளுறதுக்கு நம்ம சனத்த வுட்டா ஆளு இல்ல” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உன் அப்பா போன பிறகு இன்றைக்குத்தான்.

நீ அட்டையில் எழுதியதைக் கரிக்கட்டியால் கடைச் சுவரில் எழுதிவிட்டேன். நோட்டீசு பாதி கிழியாமல் நின்றதே, அதற்குப் பக்கத்தில். குழந்தைவேல் சுண்ணாம்பு அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நாளைக்கு அங்கே ஓட்டு. பெஞ்சில் உட்கார்ந்து என் கணக்கைச் சொல்லிவிட்டேன். சிவப்புதான் வரும். ஆனால் தனியாக ஆள்கிற அளவுக்கு வராது. வரப்புத் தகராறில் கம்பெடுத்த ஜனம், கம்பைக் கீழே போட்டதும் சோற்றைக் கேட்கும். அப்போது திரும்பவும் உன் மாதிரி ஆட்களைக் கை காட்டுவார்கள். அது எந்த நிறம் வந்தாலும் நடக்கும். உன் அப்பா படத்துக்கு முன்னாலும் இதைச் சொன்னேன். “நீங்க சொன்ன நீலம் வராது, கோவிச்சுக்காதீங்க” என்றேன். முப்பது வருஷத்தில் அரசியலில் அவரை எதிர்த்து நான் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் பதில் பேசாததும் இதுதான் முதல் தடவை.

ஒரு தொகுதியில் தொண்ணூறு பேருக்கு மேல் நிற்கிறார்களாம், ஓட்டுச் சீட்டு இரண்டு முழம் நீளமாம். பென்சிலால் கோடு போடுவார்களாம், விரலில் மை கிடையாதாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுப் போட்டவனுக்குக் காட்ட ஒரு அடையாளம் வேண்டாமா?

நீ பேப்பர் முடிகிற வரைக்கும் அங்கே நில். வாசல் வழியாக வா. வருகிற அன்றைக்கு நான் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வருவேன். அதுவரைக்கும் ஃபோனை எடுக்க மாட்டேன். உன் குரலை அங்கே கேட்டுக்கொள்கிறேன். ராஜேஷ் வண்டி எடுத்து வருகிறேன் என்கிறான். சுடுகாட்டில் நான் பேசியதை அவன் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு விஷயம்தான் எனக்கு முடியவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் என் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு குழந்தைவேல் டீயை என் பக்கம் நகர்த்தினார். “எல்லாஞ் சொன்னீங்க யக்கா. இம்புட்டு நாளா அந்த நாட்டுல உழைக்கிறான், வரி கட்டுறான், வூடு வூடா ஏறி எறங்குனான். நம்ம மணிவண்ணன் நாளைக்கு யாருக்குப் போடுறான்?” என்று கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். உன் அப்பா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நாளும் தெரியாது என்று சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

விடிந்தால் திரும்பவும் அங்கேதான் போய் உட்காரப் போகிறேன். அவர்களிடம் நான் என்ன சொல்லட்டும், பட்டாணி?